கூலிக்காரர் வீட்டுப் பெண்களும் அழகுக்கலைப் பரீட்சையும்

கூடுவாஞ்சேரி ரயிலடியில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வருகிற வழியில் அழகு நிலையப் பலகைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு முன் ஏர் ஓடிய நிலமெல்லாம் இன்று மனைப்பிரிவுகள். அங்கே களை பறித்த தாய்மாரின் பெண்கள் இந்தக் கடைகளில் புருவம் திருத்துகிறார்கள், முடி வெட்டுகிறார்கள், கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறார்கள். 2022ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்திய பிறகு, இந்தப் பெண்களின் சம்பளத்தை நம்பியே உலை வைக்கும் வீடுகளையும் நாம் அறிவோம்.

இவர்களில் சிலர் நம்மிடம் கேட்டார்கள்: "எட்டு வருஷமாகக் கையால் செய்கிற வேலை. இப்போது பெரிய கடைக்காரர்கள் சர்டிபிகேட் எங்கே என்கிறார்கள். பரீட்சை எழுதித்தான் ஆகவேண்டுமா, அண்ணே?"

எழுதவேண்டும் என்பதே நமது பதில். ஆனால் எந்தப் பரீட்சை, யாருக்காக என்பதைத் தெரிந்துகொண்டு எழுதவேண்டும்.

நமது நாட்டில் பரீட்சை தேறி லைசென்ஸ் வாங்கினால்தான் அழகுக்கலைத் தொழில் செய்யலாம் என்று சட்டம் கிடையாது. இருப்பது ஐ.டி.ஐ.யில் ஓராண்டு அழகுக்கலைப் பயிற்சியும், அதன் முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வும். அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் பரீட்சை உண்டு. அங்கே நடந்த ஒரு வழக்கு நமக்கும் பாடம். டெக்சஸ் மாநிலத்தில், நூலால் புருவம் திருத்துகிறவர்கள் 750 மணி நேரம் பயின்று பரீட்சை தேறவேண்டும் என்று அதிகாரிகள் விதித்தார்கள். நூல் வேலை நம் பக்கத்துப் பெண்களுக்குப் பழகிய வேலை. அந்த 750 மணியில் சுமார் 320 மணி நேரப் பாடத்துக்கு நூல் வேலையோடு சம்பந்தமே இல்லை! தொழிலாளர்கள் வழக்காடினார்கள். 2015ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்களில் நாவிதர் குடும்பத்துப் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தார்கள். 1926ல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சியும் பதிவும் வந்ததால் தாய்களின் உயிர் காப்பாற்றப்பட்டது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழை மருத்துவச்சிகளில் பெரும்பாலோர் பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துப் பெயரைப் பதிந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? அதே கதை இன்று அழகு நிலையத்தில் நடக்க நாம் விடக்கூடாது.

சரி, பரீட்சைக்குத் தயாராவது எப்படி? கை வேலை தெரிந்தவர்கள் செய்முறையில் அநேகமாகத் தவறுவதில்லை. "ஏன்" என்று கேட்டால்தான் திணறுகிறார்கள். கத்திரியை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்தால் கிருமி எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஆட்டோகிளேவ் என்ற பாத்திரம் நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்கு அண்ணன் முறை. அழுத்தத்தில் நீராவி 121 டிகிரிக்கு ஏறி, குறைந்தது 15 நிமிஷம் நிற்கவேண்டும். அப்போதுதான் முழுக் கிருமி நீக்கம். ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போட்டால் ஹெப்படைட்டிஸ் பி ரத்தத்தோடு தாவும். தலைச்சாயத்தில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது முகத்தை வீங்க வைக்கும். ஆகவே சாயம் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்க்கவேண்டும். அவசரக்கார வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் சரி, முதலாளி முறைத்தாலும் சரி. தினம் எட்டு மணி நேரம் சாயத்திலும் ரசாயனத்திலும் கை வைக்கிற தொழிலாளியின் தோலைக் காப்பதும் இந்தப் படிப்புத்தான். கையுறை கேட்கும் உரிமை, ஏன் கேட்கிறோம் என்று தெரிந்தவளுக்குத்தான் வாயில் வரும்.

இங்கிலீஷ் வார்த்தைகளைக் கண்டு பயப்படவேண்டாம். நாமும் பத்தாவதோடு நின்றவர்கள்தாம். கியூட்டிகிள் என்றால் முடியின் மேல்தோல், கார்டெக்ஸ் என்றால் நடுச்சதை, மெடுல்லா என்றால் உள்தண்டு. தென்னை மட்டையை உரித்த கைக்கு இது விளங்காதா?

பணத்துக்கு என்ன வழி? அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் 2022ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்டு வாங்கலாம். வேலையை விட்டுவிட்டு ஓராண்டு படிக்க முடியாதவர்கள், அனுபவத்தைக் காட்டித் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. அழகுக்கலைப் பிரிவு அந்த ஆண்டு அறிவிப்பில் உண்டா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. அனுபவத்துக்கு அத்தாட்சி எங்கே? கடையில் பதிவேடு இல்லை. சம்பளம் கையில் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. எட்டு வருஷம் உழைத்தவளுக்கு எட்டு வரி எழுதிக்கொடுக்க முதலாளிக்கு மனம் வருவதில்லை. சர்டிபிகேட் வாங்கினால் வேறு கடைக்குப் போய்விடுவாள் என்ற பயம்! சேர்ந்த தேதி, செய்கிற வேலை, வாங்கும் சம்பளம் மூன்றையும் எழுதிய தாள் ஒவ்வொரு தொழிலாளி கையிலும் இருக்கவேண்டும். இதை ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் மறுநாள் வேலை போகும். பத்துப் பேர் சேர்ந்து கேட்கவேண்டும்.

சர்டிபிகேட் வந்தால் சம்பளம் தானாக ஏறும் என்று யாரும் மயங்கவேண்டாம். 2021 அக்டோபரில் குருகிராமில், செயலி மூலம் வீடு வீடாகப் போய் வேலை செய்த அழகுக்கலைப் பெண்கள், கம்பெனி பிடிக்கும் கமிஷனை எதிர்த்து அதன் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள்தாம்.

ஞாயிற்றுக்கிழமை அழகு நிலையங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு. ஆகவே கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், பொத்தேரிப் பெண்கள் செவ்வாய் மாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் படிக்கத் தொடங்கலாம். முன்பே தேறியவர்கள் தங்கள் பழைய நோட்டுகளைக் கொண்டுவரட்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டட்டும். ஆலைத் தோழர்கள் அன்றைக்கு ஒரு நாளாவது வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.