சிஆர்பி நார்மல் என்றால் குடலும் நார்மலா?

கொரோனாவுக்கு முன்பு சிஆர்பி என்பது டாக்டர்கள் வாயில் மட்டும் புழங்கிய பெயர். இன்று சேலம் ஐந்து ரோட்டில் மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறவர்கூடத் தீர்ப்புச் சொல்கிறார்: "சிஆர்பி நார்மல், குடல்ல ஒண்ணும் இருக்காது." கூடவே இன்னும் இரண்டு நம்பிக்கைகள்: ஏறினால் கேன்சர், இறக்கிவிட்டால் கேன்சர் அடங்கும். மூன்றுமே பிசகு.

சிஆர்பி கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டது. உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஏறும். ஆனால் பெருங்குடலில் கட்டி சிறிதாக, அறுத்து எடுத்துவிடக்கூடிய நிலையில் இருக்கும்போது பெரும்பாலும் ஏறுவதில்லை. கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில்தான் இந்தச் சோதனை வாய் திறக்காது.

அதே ரிப்போர்ட்டின் முதல் தாளில் ஹீமோகுளோபின் என்று ஒரு வரி இருக்கும். ஐம்பது வயது ஆணுக்கு அது 9 என்று வந்து, இரும்புச்சத்தும் குறைவு என்றால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். நாமோ டானிக் வாங்கிக் குடிக்கிறோம். நாமக்கல் லாரி டிரைவருக்கு மலத்தில் ரத்தம் போனால் காரணம் தயாராக இருக்கிறது: இன்ஜின் சூடு, உட்கார்ந்தே ஓட்டுவது, மூலம். 'மூலம், பௌத்திரம்' போர்டு இல்லாத பஸ் ஸ்டாண்டு எது? மூலமாகவும் இருக்கலாம்தான். விரலால் சோதித்து, தேவைப்பட்டால் கொலனோஸ்கோபி செய்து பார்த்த டாக்டர்தான் அதைச் சொல்ல முடியும்.

ஏறினால் கேன்சர் என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். சீழ் பிடித்த பல், சிறுநீர்த் தொற்று, டிபி, முடக்குவாதம், தொப்பை, பீடி எல்லாமே ஏற்றும். பயப்படுவதற்கு முன் அலகையும் பாருங்கள்: சில லேப்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடும், சில டெசிலிட்டருக்கு. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

சிஆர்பியையும் கேன்சரையும் முடிச்சுப்போடும் இந்தப் பேச்சு முழுப் பொய் என்றால் எப்போதோ செத்திருக்கும். குடல் புற்று உறுதியான பிறகு சிஆர்பிக்கு மதிப்பு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டொனால்ட் மெக்மில்லன் குழுவினர் வகுத்த மதிப்பெண்ணில், சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் 35 கிராமுக்குக் கீழும் இருப்பவர்கள், அதே நிலைக் கட்டி உள்ள மற்றவர்களைவிடச் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். ஆனால் சராசரி என்பது கூட்டத்துக்கு உரியது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கணக்கை, கட்டி எவ்வளவு ஆழம் போயிற்று, நிணநீர்க் கணுக்களில் ஏறியதா, கல்லீரலுக்குப் போனதா என்பவையே முதலில் சொல்லும். ஆபரேஷனுக்குப் பின் மூன்றாம், நான்காம் நாளில் சிஆர்பி இறங்காமல் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டி நின்றால் குடலை இணைத்த இடம் கசிகிறதோ என்று சர்ஜன் ஸ்கேனுக்கு அனுப்புவார். சிஆர்பி ரிப்போர்ட்டுக்கு மதிப்பு அந்த வார்டில்தான்.

இறக்கிவிட்டால்? சிஆர்பி புகை, புகையை விசிறினால் நெருப்பு அணையாது. அழற்சியை அடக்கும் செலெகாக்சிப் மாத்திரையைக் கீமோவோடு சேர்த்து, மூன்றாம் நிலை நோயாளிகள் 2,500 பேருக்கு மேல் சோதித்த அமெரிக்க ஆய்வு 2021இல் வெளியானது. நோய் திரும்புவது குறிப்பிடும்படி குறையவில்லை. ஆஸ்பிரினுக்கு 2025இல் ஸ்வீடன் தலைமையிலான ஆய்வு நல்ல செய்தி சொன்னது: தினம் 160 மில்லிகிராம், மூன்று வருடம், திரும்பி வருவது ஏறத்தாழ பாதியானது. பலன் பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்தது சிஆர்பி அல்ல, கட்டியில் இருந்த குறிப்பிட்ட மரபணு மாற்றம். அது பாராமல் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த, ஆசிய நோயாளிகள் நிறைந்த ஆய்வில் தெளிவான பலன் தெரியவில்லை.

நாமகிரிப்பேட்டையில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் மஞ்சளைப் பற்றிக் கேட்பார்கள். குழம்பில் போடுங்கள், தடையில்லை. கீமோ நடக்கும்போது மஞ்சளின் சாரமான குர்க்குமின் கேப்சூலை டாக்டரிடம் சொல்லாமல் விழுங்குவதுதான் ஆபத்து. இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது முட்டை விஷயத்தில். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் நாமக்கல்லில், ஆபரேஷன் முடிந்து ஆல்புமின் இறங்கிக் கிடக்கிறவருக்கு "அது சூடு, அழற்சி" என்று முட்டையை நிறுத்திக் கஞ்சி ஊற்றுகிறார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்.

வேறு என்ன சோதனை இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றோடு நிற்கிறது, குடலை விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் வியாபாரம் நுழைந்தது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை மலத்தில் தேடும் ஃபிட் சோதனை ஒன்று உண்டு. பல நாடுகளில் குடல் புற்றைத் தேடும் முதல் படி அதுதான். கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர்கள் அதற்கும் காத்திருக்காமல் நேரே கொலனோஸ்கோபிக்குப் போகலாம்.