துணிப்பைக்கு ஆர்டர் கொடுப்போம்!



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஷூ கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தால், அது முதலில் தெரிவது நம் கடன் நோட்டில்தான். மாதம் 3 கிலோ துவரம் பருப்பு வாங்கிய வீடு ஒன்றரைக் கிலோவுக்கு இறங்கிவிடும். "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்ற பேச்சு பெருகும். 2008-ல் உலகப் பொருளாதார மந்தம், 2020-ல் கொரோனா, 2025 ஆகஸ்டில் பெரும்பாலான இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி. கடல் கடந்த ஊரில் எடுத்த முடிவு விரிஞ்சிபுரத்துக் கல்லா வரை வந்து சேர்ந்ததை நாம் பார்த்தோம்.

இப்படிப்பட்ட நேரத்தில் சுற்றுச்சூழல் பற்றிப் பேசினால், "வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பார்கள். ஆனால் நம் பாலாற்றங்கரையில் சுற்றுச்சூழலே வேலை கொடுத்ததும் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தோல் ஆலை நடத்த முடியாது என்றாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எந்திரம் ஓட்டவும், நீரைச் சோதிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் கடுமையான உத்தரவிட்டது. ஆகவே இது தவிர்க்க முடியாத வேலை. ஆயினும் ஆலை ஓடினால்தான் அந்த வேலையும் ஓடும்.

கணியம்பாடிப் பக்கம் நாகநதிப் படுகையில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் உறைகிணறுகள் அமைத்து மழைநீரைப் பூமிக்குள் இறக்கினார்கள். அருமையான பணி. ஆனால் அரசுப் பணம் வரும் அளவுக்குத்தான் அந்த வேலை.

அப்படியானால் நம் கையில் இருக்கும் வேலை எது? துணிப்பைதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. தூக்குப்பை எந்தத் தடிமனாக இருந்தாலும் தடைதான். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டமும் வந்தது. இருந்தும் பல கடைகளில் கேரி பேக் மேஜைக்கு அடியில் இருக்கிறது. அதிகாரி வந்தால் சரக்கும் போகிறது, அபராதமும் கட்டுகிறோம். இன்னொரு பக்கம், கனமான தோலையே தைத்துப் பழகிய பெண்கள் வேலையின்றி வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணிப்பை தைப்பது கைவந்த கலை.

விலைதான் தடை என்பது நமக்கும் தெரியும். இலவசமாகப் பை வாங்கிப் பழகியவர் காசு கொடுக்கத் தயங்குவார். ஆனால் 2022-ல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைக்கப்பட்டதை மறக்க வேண்டாம். பைக்கு ஒரு முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பித் தந்தால் கணக்கில் கழித்துவிடலாம். கடைப் பெயரை அச்சிட்டால் அதுவே விளம்பரம்.

தனிக் கடை 100 பை கேட்டால் யாருக்கும் கட்டாது. எனவே நம் சங்கம் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்: உறுப்பினர்களின் தேவையைச் சேர்த்து ஒரே ஆர்டராக்குவது, துணியை ஈரோட்டிலிருந்து மொத்த விலையில் வாங்கி மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொடுப்பது, தையல் கூலியை வாரந்தோறும் ரொக்கமாகத் தருவது. கூலியில் கடன் வைக்கக் கூடாது.

ஷூ கம்பெனிச் சம்பளத்துக்கு இது ஈடாகாது. ஆனால் அடுப்பு அணையாமல் காக்கும். அந்தக் கூலி அரிசிக்கும் எண்ணெய்க்கும் நம் கடைக்கே திரும்பி வரும் என்பதையும் எண்ணிப் பார்த்து, வரும் செயற்குழுவில் ஆவன செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.