வெள்ளியின் செனானை எப்போது அளப்பது?

வேதியியல் வகுப்பில் மந்த வாயுக்கள் பாடம் வந்தால் பாதி வகுப்பு தூங்கிவிடும். எதனோடும் லேசில் சேராத வாயுக்கள், பரீட்சைக்கு ரெண்டு மார்க், அவ்வளவுதான்! ஆனால் ஒரு கோளின் பழைய கதையைச் சொல்ல இந்தச் சோம்பேறிகளை விட நல்ல சாட்சி கிடையாது.

காரணம் எளிது. ஆக்சிஜன் பாறையோடு சேர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து சுண்ணாம்புக் கல்லாகிவிடும். ஆர்கானும் செனானும் அப்படிப் போய் ஒளிந்துகொள்ளாது. காற்று விண்வெளிக்குத் தப்பும்போது லேசான ஐசோடோப்பு அதிகம் போகும், கனமானது அதிகம் மிஞ்சும். மிஞ்சியதன் விகிதத்தை வைத்து, போனது எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

செவ்வாயில் இதைச் செய்து பார்த்தாயிற்று. சூரியனில் ஆர்கான்-38ஐப் போல சுமார் 5.5 மடங்கு ஆர்கான்-36 இருக்கிறது. செவ்வாயின் காற்றில் அது 4.2 மடங்குதான் என்று 2013ல் கியூரியாசிட்டி அளந்தது. அங்கே இருந்த ஆர்கானில் சுமார் 65 சதவீதம் விண்வெளிக்குப் போய்விட்டதாக 2017ல் மேவன் குழு கணக்கிட்டது. ஒரு காலத்தில் ஆறு ஓடிய கோள் ஏன் வறண்டது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் அரிது. 1979ல் அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு விண்கல் செவ்வாயிலிருந்து வந்தது என்று நம்ப வைத்ததும் மந்த வாயுக்கள்தான். கல்லின் கண்ணாடிப் பகுதிக்குள் சிக்கியிருந்த வாயு, 1976ல் வைக்கிங் அளந்த செவ்வாய்க் காற்றோடு ஒத்துப்போனது.

சரி, பக்கத்து வீடான வெள்ளி? அங்கேதான் பெரிய ஓட்டை. 1978ல் பயனியர் வீனஸும் வெனெராக்களும் இறங்கியபோது, ஆர்கான்-36 பூமியில் இருப்பதைப் போல சுமார் 70 மடங்கு இருப்பது தெரிந்தது. ஏன் இவ்வளவு என்பதற்கு இன்றுவரை தீர்மானமான பதில் இல்லை. செனானின் ஐசோடோப்புகளோ அளக்கப்படவே இல்லை. 1985ல் வேகா கலங்கள் இறங்கியதோடு காற்றுக்குள் இறங்கிச் சோதிப்பதே நின்றுபோனது.

செனான் ஏன் முக்கியம்? பூமியிலும் செவ்வாயிலும் செனான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, மிஞ்சியிருப்பதும் கனமான பக்கமே சாய்ந்திருக்கிறது. நீரிலிருந்து பிரிந்த ஹைட்ரஜன் விண்வெளிக்கு ஓடும்போது செனானையும் இழுத்துக்கொண்டு போனது என்பது ஒரு முக்கிய விளக்கம். வெள்ளியிலும் அதே சாயல் தெரிந்தால், அங்கும் நிறைய நீர் இருந்து தொலைந்தது என்ற வாதம் வலுக்கும். தெரியாவிட்டால் கதையையே மாற்றி எழுத வேண்டும்.

"கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த அளவீட்டுக்குக் குறுக்கு வழி இல்லை. செனான் ஐசோடோப்புகளைத் தொலைநோக்கியால் பிரித்துப் பார்க்க முடியாது. படமெடுக்கும் கலங்களாலும் முடியாது. காற்றை அள்ளிக் கருவிக்குள் விட்டே ஆக வேண்டும். நாசாவின் டாவின்சி திட்டம் அதற்காகத்தான்: சுமார் ஒரு மணி நேர இறக்கம், வழியெல்லாம் அளவீடு. இதைக் கைவிடச் சொல்லி 2025ல் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் முன்மொழிவு வந்தது.

சிக்கனம் தேவைதான். ஆனால் கத்தரி வைக்க வேண்டிய இடம் இதுவல்ல. அழகான படம் நாலு நாள் பேசப்படும். பூமியைப் போன்ற அளவுள்ள ஒரு கோள் ஏன் உலையானது என்பதற்கான பதில், பாடப்புத்தகத்திலேயே ஏறும். அதற்கு ஒரு மணி நேரம் அதிகமா என்ன?