அடைத்து வைப்பதா சிகிச்சை?

அமெரிக்காவின் புளோரிடாவில் 1976-இல் தொடங்கி 1993-இல் மூடப்பட்டது ‘ஸ்ட்ரெயிட்’ என்ற இளையோர் போதை மீட்பு அமைப்பு. அன்றைய அதிபர் ரீகனின் மனைவி நான்சி புகழ்ந்த அமைப்பு. இளவரசி டயானாவும் அதன் மையம் ஒன்றை வந்து பார்த்தார். பிள்ளை பிழைத்தான் என்று கைகூப்பிய பெற்றோரும் உண்டு; அதை மறுக்கவில்லை. ஆனால், இடுப்பு வாரைப் பிடித்தபடி கழிப்பறைவரை நடத்தியதையும், கூட்டத்தின் நடுவே நிற்கவைத்து ஏசியதையும் அங்கிருந்து மீண்டவர்கள் சொன்னார்கள். இதற்குப் பெயர் சிகிச்சையா? அங்கு விருப்பமின்றி அடைத்துவைக்கப்பட்ட கல்லூரி மாணவர் ஒருவருக்கு 1983-இல் நடுவர் குழு 2,20,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அதன் பிறகும் பத்தாண்டுகள் கடை நடந்ததுதான் வேதனை. இத்தகைய விடுதிகளின் கொடுமைகளை ஆராயச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில்தான் நிறைவேறியது. பிள்ளையிடம் தனியே பேசவிடாத எந்த மையத்திலும் பெற்றோர் கையெழுத்திட வேண்டாம்.