கடைசி இடத்தில் இருப்பவரின் கடமை



உங்கள் இல்லத்துப் பிள்ளை சனிக்கிழமை மாலையில் கைப்பேசியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாரா? 'ஃபேன்டசி பிரீமியர் லீக்' எனும் கற்பனைக் கால்பந்து அதற்குக் காரணமாக இருக்கலாம். இங்கிலாந்தில் நடைபெறும் பிரீமியர் லீக் போட்டிகளை ஒட்டி ஆடப்படும் ஆட்டம் இது.

இதன் முறை எளிமையானது. 10 கோடி பவுன் கற்பனைப் பணத்தைக் கொண்டு 15 ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் கூடாது. அவர்கள் உண்மையான மைதானத்தில் கோல் அடித்தாலோ, கோல் அடிக்கத் துணைபுரிந்தாலோ நமக்குப் புள்ளிகள் சேரும். நாம் தலைவராகக் குறித்தவரின் புள்ளிகள் இரட்டிப்பாகும். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை 38 சுற்றுகள். நண்பர்களும் உறவினர்களும் பத்துப் பேராகச் சேர்ந்து தமக்குள் ஒரு தனிக் குழு அமைத்துக்கொள்வது வழக்கம். பணம் கட்டி ஆடும் பந்தயம் சூதாட்டம். அதைப் பற்றிய பேச்சே இங்கில்லை. கட்டணமின்றி, பொழுதுபோக்காக ஆடப்படும் ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறோம்.

ஆகஸ்டில் பத்துப் பேருக்கும் உற்சாகம் இருக்கும். ஜனவரி பிறக்கும்போதோ நிலைமை வேறு. முதலிடத்தில் இருப்பவரைவிட ஒருவர் 150 புள்ளிகள் பின்தங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதமிருப்பவை 18 சுற்றுகள். சுற்றுக்கு 8 புள்ளிகளுக்கும் மேலாக முந்தினால்தான் அவரை எட்ட முடியும். அது கைகூடாது என்பதை அவரது உள்ளம் உணர்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் மனிதர்கள் இரண்டு வழிகளில் தடுமாறுகிறார்கள்.

முதலாவது, பதற்றம். ஒரே வாரத்தில் இழந்ததையெல்லாம் மீட்டுவிடத் துடிப்பது. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஆட்டக்காரர்களை மாற்றினால், கூடுதலான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளிகள் கழிக்கப்படும். மூவரைக் கூடுதலாக மாற்றினால், பந்து உருளும் முன்பே 12 புள்ளிகள் போய்விடும். குழியிலிருந்து ஏற விரும்புபவன் குழியை மேலும் ஆழப்படுத்தலாமா?

இரண்டாவது, கைவிடுதல். அணியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. காயமுற்றவர் அணியிலேயே கிடப்பார். வேறு நாட்டுக் கழகத்துக்குப் போய்விட்டவரும் கிடப்பார். 'தோற்கிறவன் நான்தானே, யாருக்கு என்ன நட்டம்?' என்று இவர் கேட்கக்கூடும்.

நட்டம் உண்டு. ஒவ்வொரு வாரமும் இருவர் நேருக்கு நேர் மோதும் முறையில் பல குழுக்கள் ஆடுகின்றன. வென்றவருக்கு 3 புள்ளிகள், சமமானால் 1 புள்ளி. செப்டம்பரில் இவரை எதிர்த்தவர் முழு வலிமையுள்ள அணியுடன் மோதினார். மார்ச்சில் எதிர்ப்பவருக்கோ, கவனிப்பாரற்ற அணி எளிய வெற்றியைத் தந்துவிடுகிறது. முதலிடத்துக்கு இருவர் கடுமையாகப் போட்டியிடும்போது, களத்தைவிட்டு விலகிய மூன்றாமவரின் அலட்சியம் முடிவைத் தீர்மானித்துவிடலாம். இது நீதியாகுமா? சிந்தித்துப் பாருங்கள். கடைசி இடத்தில் இருப்பவர் தன் அணியை ஒழுங்காக நிறுத்துவது, மற்ற ஒன்பது பேருக்கும் அவர் செலுத்த வேண்டிய கடமை.

சரி, கடமை என்பதற்காக மட்டும் உள்ளம் ஊக்கம் பெறுமா? அதற்கும் வழி உண்டு.

இலக்கைச் சுருக்கிக்கொள்ளுங்கள். முதலிடத்தை மறந்துவிட்டு, உங்களுக்கு நேர் மேலே இருப்பவரைப் பாருங்கள். அவர் 20 புள்ளிகள் முன்னே இருந்தால், அதே 18 சுற்றுகளில் சுற்றுக்கு ஒன்றிரண்டு புள்ளிகள் கூடுதலாக எடுத்தாலே அவரை எட்டிவிடலாம். அணி முழுவதையும் அபராதமின்றி மாற்றிக்கொள்ளும் 'வைல்டு கார்டு' வாய்ப்பு, பருவத்தின் பிற்பாதிக்கும் தனியே ஒன்று உண்டு. புள்ளிக் கணக்கு இடையில் ஒரு சுற்றிலிருந்து தொடங்கும்படி புதிய குழு ஒன்றையும் அமைக்கலாம். அங்கே அனைவரும் சுழியத்திலிருந்து தொடங்குவார்கள்.

அடுத்து, துரதிர்ஷ்டத்தையும் பிடிவாதத்தையும் பிரித்தறியுங்கள். 2024-25 பருவத்தில் லிவர்பூல் வீரர் முகமது ஸலாஹ் 344 புள்ளிகள் ஈட்டினார். இந்த ஆட்டத்தில் அதுவரை எவரும் ஒரே பருவத்தில் எட்டாத அளவு அது. விலை அதிகம் என்று தொடக்கத்தில் அவரை எடுக்காமல் விட்டது கணிப்பின் பிழை. அது எவருக்கும் நேரும். வாரந்தோறும் அவர் புள்ளிகளைக் குவிப்பதைக் கண்ட பிறகும், 'இனி எடுத்தால் என் கணிப்பு பொய்யென்று ஆகிவிடும்' என மறுத்தால் அது பிடிவாதம். முன்னதற்கு வருந்த வேண்டாம். பின்னதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, தோல்விப் பருவத்தைக் கற்கும் பருவமாக்குங்கள். 2015 ஏப்ரல் தொடக்கத்தில் லெஸ்டர் சிட்டி கழகம் 20 கழகங்களில் கடைசி இடத்தில் இருந்தது. எஞ்சியவை 9 ஆட்டங்கள். அவற்றில் ஏழில் வென்று, 14-ஆம் இடத்துக்கு உயர்ந்து, கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாமல் தப்பியது. அடுத்த பருவத்தில், 2016 மே மாதத்தில், அதே கழகம் சாம்பியன் பட்டத்தையே வென்றது! அதன் அல்ஜீரிய வீரர் ரியாத் மஹ்ரெஸ், குறைந்த விலையில் கிடைத்து, கற்பனை அணிகளுக்குப் புள்ளிகளை வாரி வழங்கினார். 2015 வசந்தத்தில் ஆட்டத்தைக் கைவிட்டுப் போனவர், அந்தக் கழகத்தில் ஏற்பட்டுவந்த மாற்றத்தைக் கண்டிருக்க மாட்டார். கடைசி வரை கவனித்தவருக்கோ ஒரு குறிப்பாவது கிடைத்திருக்கும். வெற்றி பெறாத மாதங்கள் வீணான மாதங்கள் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஊக்கம் என்பது இரவெல்லாம் விழித்திருப்பதன்று. வாரத்துக்கு அரைமணி நேரம் போதும். காயமுற்றோர் பட்டியலைப் பார்த்து, மாற்ற வேண்டியவரை மாற்றி, தலைவரைக் குறித்துவிட்டு, படிப்புக்கோ தொழிலுக்கோ திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் கேட்கும் விளையாட்டு, விளையாட்டாக இருப்பதில்லை.

பெற்றோர்களே! மே மாதத்தில் உங்கள் பிள்ளையிடம், 'எத்தனையாவது இடம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். '38-வது சுற்றுக்கும் அணியை ஒழுங்காக நிறுத்தினாயா?' என்று கேளுங்கள். 'ஆம்' என்று அவர் சொன்னால், பத்தாம் இடத்தில் இருந்தாலும் அவரை மனமாரப் பாராட்டுங்கள்.