நூலுக்கு வெளிச்சம், குழந்தைக்கு இருட்டா?

பழைய பஞ்சாலைகளின் கூரையை நம் தோழர்கள் அறிவார்கள். ரம்பத்தின் பல்லைப் போல வரிசை வரிசையாக எழும்பி, வடக்குப் பக்கம் கண்ணாடி பதித்திருக்கும். முதலாளி அழகுக்காகவா அதைக் கட்டினான்? நேர் வெயிலும் நிழலும் விழாமல் சீரான வெளிச்சம் வந்தால்தான் அறுந்த இழை தெரியும். இழை தெரிந்தால்தான் லாபம். 1948ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டமும் 17வது பிரிவில் இதை எழுதி வைத்தது. ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் சுத்தமாக வைக்க வேண்டும், கண் கூசக் கூடாது, கண்ணை வருத்தும் நிழல் விழக் கூடாது என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. அமல் நடந்த லட்சணம் வேறு கதை.

அந்த நூலை நூற்கும் தாயின் குழந்தைக்கு என்ன இருக்கிறது?

ஆத்தூர் பக்கத்தில் ஓர் அங்கன்வாடிக்குப் போயிருந்தோம். வாடகைக் கட்டிடம். ஜன்னல் ஒன்றே ஒன்று. அதுவும் நாலடி உயரத்தில், கிழக்கே பார்த்தபடி. பாதியை அரிசி மூட்டை மறைத்திருந்தது. மீதிப் பாதி வழியாகக் காலை வெயில் முகத்தில் அறைகிறது என்று கதவைச் சாத்தி, டியூப் லைட்டைப் போட்டிருந்தார்கள். கரண்ட் நின்றது. குழந்தைகள் படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். பணியாளர் அம்மாவைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. கிடைத்த அறை அதுதான்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் துவங்கியது 1975 அக்டோபர் 2ல். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சோறும் முட்டையும் வேண்டியவையே, கண் வேண்டாமா? சீனாவின் குவாங்சோ நகரில் 2010 முதல் மூன்று வருடம், முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 40லிருந்து 30 ஆகக் குறைந்தார்கள். பகல் வெளிச்சத்துக்கு டியூப் லைட் ஈடாகாது.

ஜன்னலைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்பார் காண்டிராக்டர். ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு உலர்த்தும் பெண்களைக் கேளுங்கள். நடுப்பகலில் அந்த வெள்ளைக் களம் கண்ணைக் குத்தும். உள்ளே வந்தால் சற்று நேரம் ஒன்றும் தெரியாது. இருண்ட அறையில் ஒரே பக்கம் வெயில் கொட்டும் ஜன்னல் குழந்தைக்குச் செய்வதும் அதுவே. ஆகவே வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வேண்டும். மேலே அகலமான சன்ஷேடு. தரையில் உட்காரும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் வெளியே மரம் தெரியும்படி, கம்பி போட்டு, இரண்டடி உயரத்தில் ஜன்னல் துவங்கட்டும். கரும்பலகை ஜன்னல் இல்லாத சுவரில் இருக்கட்டும். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு. ஓட்டுக் கட்டிடமானால் நாலு கண்ணாடி ஓடு மாற்றினாலே அறை வெளுக்கும். இதற்கெல்லாம் எந்த நிபுணரும் விமானத்தில் வர வேண்டியதில்லை.

மே 1ல் கிராம சபை கூடுகிறது. அங்கன்வாடிக் கட்டிடம் வேண்டுமெனத் தீர்மானம் எழுதும்போது, ஜன்னலின் திசையையும் உயரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுவோம். அரிசி மூட்டைக்குத் தனி அறையும் கேட்போம்.