பூ முடிந்த தொட்டி

லில்லியம் கிழங்குக்கு வெங்காயத்தைப் போல மேல்தோல் கிடையாது. அடித்தட்டின் மேல் செதில்கள் திறந்தபடியே அடுக்கியிருப்பதால் வெளியில் வைத்த சில நாளிலேயே சுருங்கத் தொடங்கும். முழு உறக்கத்துக்கும் போகாது. பூத்தண்டுக்கு உணவைக் கொடுத்துக்கொண்டே அடுத்த பருவத்துக்கான இளங்கிழங்கை உள்ளுக்குள் கட்டிக்கொள்ளும். பூ உதிர்ந்த தொட்டிக்குள் அடுத்த ஆண்டின் பயிர் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதன் பொருள். அந்தத் தொட்டியைக் குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டு, நெதர்லாந்திலிருந்து வரும் அடுத்த பெட்டிக்குப் பணம் கட்டுவது மலைப்பகுதிப் பசுமைக்குடில்களில் பழகிப்போன வழக்கம்.

2023 ஜூனில் நெதர்லாந்தின் அஸ்ஸன் நகர நீதிமன்றம் அளித்த இடைக்கால உத்தரவு இந்த வழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது. டிரெந்தே மாகாணத்தின் போட்டர்வேன் சிற்றூரில், வீடுகளை ஒட்டிய நிலத்தில் லில்லி பயிரிட்டவர் அங்கே மருந்து தெளிக்கக் கூடாது என்றது அந்த உத்தரவு. உடல்நலத்துக்கு அஞ்சிய அக்கம்பக்கத்தாரே வழக்குத் தொடுத்தவர்கள். ஆகஸ்டில் மேல்முறையீட்டில் தடை ஓரளவு தளர்ந்தது, முழுவதும் நீங்கவில்லை.

ஒரு நிலத்தைப் பற்றிய தீர்ப்புதான். ஆனால் கிழங்கு வயல்களில் மருந்து எதற்காகத் தெளிக்கப்படுகிறது என்பது இத்துறையினர் அறிந்தது. இலைக்கருகலுக்குப் பூசணக்கொல்லி, அசுவினி வழியே பரவும் லில்லி மாட்டில், சிம்ப்டம்லெஸ் வைரஸ்களைத் தடுக்கக் கனிம எண்ணெயும் பைரித்ராய்டும். அங்கே தெளிப்பு குறைந்தால் ஒன்று கிழங்கின் விலை ஏறும், அல்லது கிழங்கோடு வைரஸ் ஏறி வரும். இரண்டுமே இங்குள்ள குடிலைத்தான் வந்தடையும். கையிலுள்ள கிழங்கை ஆண்டுக்கு ஆண்டு காப்பாற்றுவதை இனிப் பொழுதுபோக்குத் தோட்டக்காரரின் வேலையாக ஒதுக்க முடியாது. அது தொழில்முறையின் பகுதியாக வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

அந்த வேலை பூ வாடும் நாளில் தொடங்குகிறது. வாடிய பூவைக் காம்போடு கிள்ள வேண்டும். தண்டிலும் இலையிலும் கத்தி படக் கூடாது. அடுத்த 8 முதல் 10 வாரம் வரை இலை ஈட்டும் உணவுதான் கிழங்கின் பருமன். அந்த நாட்களில் கால்சியம் நைட்ரேட்டும் பொட்டாஷும் மெலிந்த கரைசலாகச் சேரலாம். சூப்பர் பாஸ்பேட் வேண்டாம். அதிலுள்ள ஃபுளோரைடு, குறிப்பாக லாங்கிஃபுளோரம் வகையில், இலை நுனியைக் கருக்கும். லில்லிக்கு உப்பு ஆகாது என்பதால் தென்னை நார்க்கழிவைக் கழுவி, மின்கடத்துத்திறன் (இ.சி.) பார்த்த பின்பே தொட்டியில் நிரப்ப வேண்டும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நீரைப் படிப்படியாகக் குறைக்கலாம். கலவை முற்றிலும் காயக் கூடாது.

அடுத்தது குளிர். ஏசியாட்டிக் வகைகளுக்கு 2 முதல் 5 டிகிரி செல்சியஸில் 6 முதல் 8 வாரம், ஓரியண்டலுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக. துளையிட்ட பாலித்தீன் பையில், பிடித்தால் நீர் சொட்டாத அளவு ஈரமுள்ள நார்க்கழிவுக்கு நடுவே கிழங்கு இருக்க வேண்டும். ஆப்பிள் வைத்திருக்கும் பெட்டியில் லில்லியை வைக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் மொட்டைக் கருக்கிவிடும். ஊட்டியில் உறைபனி விழும் இரவுகள் உண்டு என்றாலும் பகல் வெயிலில் தொட்டி சூடேறிவிடுகிறது. ஏற்காட்டிலும் ஓசூரிலும் அந்த இரவுகளும் இல்லை. ஆகவே குளிர் அறை தேவை.

தடையும் இங்கேதான் இருக்கிறது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2014 வழிகாட்டு நெறிகள் குடிலில் ரோஜா, லில்லியம் நடவுப்பொருளுக்கும் சாகுபடிக்கும் சதுர மீட்டருக்கு 426 ரூபாய் எனச் செலவைக் கணக்கிட்டு, 4000 சதுர மீட்டர் வரை பாதியை மானியமாகத் தந்தன. ஒரு பயனாளிக்கு 8,52,000 ரூபாய் வரை. புதுக்கிழங்கு வாங்கினால் பணம் கிடைத்தது. பழைய கிழங்கைக் காத்தால் அந்த வரியில் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. அதே நெறிகளில் குளிர் அறைக்கு உதவி இருந்தது; அது அறுவடைக்குப் பிந்தைய மேலாண்மைத் தலைப்பில், 30 டன் கொள்ளளவுக்கு. சில ஆயிரம் கிழங்கு வைத்திருப்பவருக்கு ஓர் அலமாரியளவு குளிர் போதும். 30 டன் அறையை அவர் எதைக் கொண்டு நிரப்புவார்?

ரோஜாவையும் லில்லியத்தையும் ஒரே வரியில் எழுதியதிலேயே பிழை தெரிகிறது. ரோஜாச் செடி ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். லில்லியம் நின்றிருக்கும், நிற்க வைக்கும் வழியைக் கேட்டிருந்தால். கேட்கவில்லை. கிழங்கை டீசலைப் போல எரிந்து தீரும் பொருளாகப் பார்க்கும் கணக்கு, வாங்கு, பூக்கவை, வீசு என்று விவசாயிக்குப் பாடம் நடத்துகிறது. அந்நியச் செலாவணியும் அதோடு கப்பலேறுகிறது. கோப்பில் கையெழுத்திடுபவர் பூ முடிந்த தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, உள்ளிருப்பதை விரலால் தடவிப் பார்த்திருந்தாலே இந்த வரி வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

குளிர் முடிந்த கிழங்கைப் புதுக் கலவையில் நட வேண்டும். தண்டுவேர் கிழங்குக்கு மேலேதான் விடும் என்பதால் மேல்மண் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பழைய கலவையில் பேக்ளோபுட்ரசால் என்னும் வளர்ச்சிக்குறைப்பி தங்கியிருக்கும், மறுபயன் கூடாது. வளர்ச்சிக்குறைப்பி பெற்ற நெட்டை ரகம் இரண்டாம் ஆண்டில் தன் இயல்பு உயரத்துக்கு ஓடி, தொட்டியைச் சாய்க்கும். பிறவியிலேயே குட்டையான பிக்ஸி போன்ற ரகங்களே தொடர்ந்து காக்கத் தகுந்தவை. முதல் மறுநடவில் கிழங்கின் சுற்றளவு குறைந்திருந்தால், அந்தப் பருவத்து மொட்டுகளைக் கிள்ளிவிட்டு அதைத் தேறவிடலாம்.

எல்லாக் கிழங்கும் காக்கத் தக்கதன்று. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்போடு வெளிர்கோடு ஓடுவது தெரிந்தால் அந்தத் தொட்டியை உடனே நீக்க வேண்டும். சிம்ப்டம்லெஸ் வைரஸ் தனித்து இருந்தால் இலையில் பெரும்பாலும் அடையாளமே காட்டாது. அதற்கு வழி, தொட்டியின் விளிம்பில் ஆண்டையும் மொட்டு எண்ணிக்கையையும் எழுதிவைப்பது: குறை ஏதுமின்றி வளர்த்தும் இரண்டு ஆண்டு தொடர்ந்து எண்ணிக்கை குறைந்தால் கிழங்கைக் கழிக்கலாம். கழித்ததை மலைச்சரிவில் கொட்டாமல் எரித்துவிட வேண்டும். நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் இயல்பாக வளரும் நீலகிரி லில்லியும் இதே பேரினம்தான். குடிலுக்கும் அந்தப் புல்வெளிக்கும் இடையே அசுவினிக்கு வேலி இல்லை.